பச்சை மிட்டாயும் பத்தொன்பது மௌனங்களும்

வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு கார்ட்டூன் அனுப்புகிறார். குச்சி மனிதர்கள் இருவர், மூன்று வரி வசனம், அவ்வளவுதான். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுகின்றன. நீங்களும் பார்க்கிறீர்கள். எழுத்து புரிகிறது, படம் புரிகிறது, சிரிப்பு மட்டும் வரவில்லை. குழுவில் பாதிப் பேர் கணினிக்காரர்கள், மீதிப் பேர் கணக்குப் படித்தவர்கள் என்றால், "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கவும் கூச்சம். கேட்டாலும், "விளக்கினால் ஜோக் செத்துப்போகும்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும்.

அந்தப் பதிலை நான் நம்புவதில்லை. சில ஜோக்குகள் விளக்கினால் சாகும், உண்மைதான். ஆனால் அறிவியல் கார்ட்டூன்களில் நல்லவை விளக்க விளக்கப் பெருகுகின்றன. ஒரே ஒரு கார்ட்டூனை எடுத்து, ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்துவிடுவோம்.

சிரிப்புக்கு இரண்டு படி

1972-இல் ஜெரி சல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் நகைச்சுவையை இரண்டு படியாகப் பிரித்தார். முதல் படியில், நாம் எதிர்பார்த்த ஒன்று தவறிப்போகிறது. பொருந்தாத ஏதோ ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. இரண்டாம் படியில், அந்தப் பொருந்தாததைப் பொருந்த வைக்கும் ஏதோ ஒரு விதியை மனம் தேடிப் பிடித்துவிடுகிறது. பிடித்த கணத்தில் சிரிப்பு. முதல் படியோடு நின்றுவிட்டால் மிஞ்சுவது குழப்பம்தான்.

சாதாரண ஜோக்கில் அந்த இரண்டாம் படிக்கான சாவி எல்லோர் வீட்டிலும் இருக்கும். மாமியார், மேலதிகாரி, மறதிப் பேராசிரியர் யாரென்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறிவியல் கார்ட்டூனில் சாவி வேறு எங்கோ, ஒரு பாடப்புத்தகத்திலோ ஆய்வகத்திலோ இருக்கிறது.

ஒரு சின்ன உதாரணம். பள்ளியிலிருந்து ஒரு தாய்க்குத் தொலைபேசி வருகிறது. அவர் மகனின் பெயரைக் கணினியில் பதிந்ததும் அந்த ஆண்டின் மாணவர் பட்டியல் மொத்தமும் அழிந்துவிட்டதாம். அந்தப் பெயருக்குள், "மாணவர் பட்டியலை அழி" என்று தரவுத்தளத்துக்கு இடும் கட்டளை ஒன்றை அம்மா ஒளித்து வைத்திருக்கிறார். யாரோ தட்டச்சு செய்த பெயரைக் கணினி பெயராகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனமாக எழுதிய நிரலில் அதுவே கட்டளையாக மாறிவிடும். இது தெரிந்தவருக்கு அந்தத் தாய் ஒரு மகா குறும்புக்காரி. தெரியாதவருக்கு அவர் பிள்ளைக்கு விசித்திரமாகப் பெயர் வைத்தவர், அவ்வளவே. 2007-இல் வந்த அந்தக் கார்ட்டூனிலிருந்துதான் நிரலாளர்கள் இன்றும் இந்த ஓட்டைக்குச் செல்லப்பெயர் எடுத்துச் சொல்கிறார்கள்.

குச்சி மனிதர்களின் தகப்பன்

அந்தத் தாயை வரைந்தவர் ராண்டல் மன்ரோ. 1984-இல் பிறந்தவர், இயற்பியல் படித்தவர், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ரோபோக்கள் தொடர்பான வேலை பார்த்தவர். 2005-இல், தன் பழைய நோட்டுப் புத்தக ஓரங்களில் கிறுக்கியதை ஸ்கேன் செய்து இணையத்தில் போட ஆரம்பித்தார். எக்ஸ்கேசிடி என்று பெயர். அந்த நான்கு ஆங்கில எழுத்துக்கும் விரிவு கிடையாது, அர்த்தமும் கிடையாது. வாரம் மூன்று நாள் வரும். அவர் வரையும் மனிதர்களுக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. முகமில்லாத இந்தக் குச்சிகளை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை பேரைச் சிரிக்க வைக்கிறார் என்பதற்கு ஒரு பதில், முகபாவத்தால் சிரிக்க வைக்கும் வழியை அவர் முதலிலேயே அடைத்துக்கொண்டார் என்பது. சிரிப்பு முழுவதும் கருத்திலிருந்து வந்தாக வேண்டும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கணினியில் மவுஸ் அம்பைப் படத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால், மறைந்திருக்கும் ஒரு வரி எட்டிப் பார்க்கும். பல நாள் கார்ட்டூனைவிட அந்த வரிதான் கூர்மை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மிட்டாய் சாப்பிட்டால் பரு வருமா?

நாம் கழற்றப் போகும் கார்ட்டூன் 2011 ஏப்ரலில் வந்தது. வரிசை எண் 882. கதை இதுதான்.

குதிரைவால் முடி கட்டிய பெண் ஒருத்தி ஓடிவந்து, ஜெல்லி மிட்டாய் சாப்பிட்டால் முகப்பரு வருகிறது என்கிறாள். உடனே விஞ்ஞானிகளுக்கு உத்தரவு போகிறது. அவர்களோ மைன்கிராஃப்ட் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். முனகிக்கொண்டே எழுந்து போய் ஆய்வு செய்கிறார்கள். மிட்டாய்க்கும் பருவுக்கும் தொடர்பில்லை என்று முடிவு வருகிறது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் விடுவதாக இல்லை. ஏதோ ஒரு குறிப்பிட்ட நிற மிட்டாய்தான் பருவைக் கொண்டுவருகிறதாம், யாரோ சொன்னார்களாம். மறுபடி உத்தரவு, மறுபடி முனகல்.

இதற்குப் பிறகு வருவதுதான் இந்தக் கார்ட்டூனின் உயிர்: இருபது கட்டங்கள், வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை. ஊதா மிட்டாய்க்கும் பருவுக்கும் தொடர்பில்லை. பழுப்புக்கும் இல்லை. இளஞ்சிவப்புக்கும் இல்லை. நீலத்துக்கும் இல்லை. ஒரே படம், ஒரே வாக்கியம், நிறத்தின் பெயர் மட்டும் மாறுகிறது. படிக்கிறவருக்குச் சலிப்புத் தட்டுகிறது. கண் தாவித் தாவி ஓடுகிறது. பதினான்காவது கட்டத்தில் பச்சை. அங்கே தொடர்பு இருக்கிறது என்று வருகிறது. யாரோ ஆச்சரியத்தில் கூவுகிறார். அதன் பிறகும் மீதி ஆறு நிறங்கள் அதே சலிப்போடு, தொடர்பில்லை, தொடர்பில்லை என்று ஓடி முடிகின்றன.

கடைசிக் கட்டம் ஒரு நாளிதழின் முதல் பக்கம். பச்சை ஜெல்லி மிட்டாயால் முகப்பரு! 95 சதவீதம் உறுதி! தற்செயலாக இருக்க வாய்ப்பு 5 சதவீதம் மட்டுமே!

சாவி இல்லாதவர் இங்கே நின்றுவிடுவார். பச்சையில் ஏதோ சாயம் இருக்கும் போல என்றுகூட நினைக்கலாம். அப்படி நினைப்பவர்தான் அந்த நாளிதழின் வாசகர்.

இருபதில் ஒன்று

சாவி ஓர் எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 0.05 என்ற எண் அடைப்புக்குறிக்குள் வருகிறது. இருபதில் ஒன்று, அதாவது 5 சதவீதம்.

மிட்டாய் தின்ற நூறு பேரையும் தின்னாத நூறு பேரையும் பார்த்தால் இரு தரப்பிலும் பரு சரிசமமாக இருக்காது. மிட்டாய்க்குப் பருவோடு ஒரு சம்பந்தமும் இல்லாவிட்டாலும் அங்கே ஒன்றிரண்டு கூடும், இங்கே ஒன்றிரண்டு குறையும். ஆகவே ஆய்வாளர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறார்: சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ வெறும் தற்செயலால் வர எவ்வளவு வாய்ப்பு? அந்த வாய்ப்புக்குப் புள்ளியியலில் பி-மதிப்பு என்று பெயர். நாம் தற்செயல் மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். அது இருபதில் ஒன்றுக்குக் கீழே போனால், "கவனிக்கத்தக்க முடிவு" என்று முத்திரை விழும். ஆய்விதழ் வாங்கிக்கொள்ளும், நிருபர் தொலைபேசி எடுப்பார்.

இந்த இருபதில் ஒன்று இயற்கை விதித்த கோடு என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்டு ஃபிஷர், 1925-இல் ஆய்வாளர்களுக்காக எழுதிய புள்ளியியல் கையேட்டில் வசதிக்காக வைத்த கோடு அது. உர வயல்களின் விளைச்சலைப் பிரித்துப் பார்க்க உதவிய ஒரு நடைமுறைக் கோடு, மருத்துவம், உளவியல், கல்வி என்று எல்லாத் துறைகளுக்கும் வேலியாகிப் போனது.

கணக்கைப் போட்டுவிடுவோம்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். ஒரு பனை, ஒரு காக்கை என்றால் அது அபூர்வம். இருபது பனையில் இருபது காக்கைகளைப் பறக்கவிட்டுக் காத்திருந்தால்? எங்கோ ஒரு பழம் விழத்தான் செய்யும். விழுந்த மரத்தை மட்டும் படம் பிடித்துப் போட்டால், காக்கைக்கு அபார பலம் என்றுதான் ஊர் பேசும்.

எந்த நிறத்துக்கும் பருவோடு சம்பந்தமில்லை, இருபது சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிறத்தைச் சோதித்தால் அது பொய்யாகக் கூவாமல் சும்மா இருக்க 95 சதவீத வாய்ப்பு. இரண்டு நிறமும் சும்மா இருக்க 95-இல் 95 சதவீதம், அதாவது சுமார் 90. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், ஐந்து நிறமும் வாயை மூடிக்கொண்டிருக்க 77 சதவீதம். பத்துக்கு 60. இருபதுக்கு 36 சதவீதம்தான் மிஞ்சுகிறது.

திருப்பிச் சொன்னால், இருபது நிறத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஏதாவது ஒரு நிறமாவது பொய்யாகக் கூவ 64 சதவீத வாய்ப்பு. இருபதை இருபதில் ஒன்றால் பெருக்கினால் வருவது ஒன்று. சராசரியாக ஒரு பொய்க்கூவல் எதிர்பார்க்க வேண்டியதே. மன்ரோ வரைந்ததும் சரியாக ஒன்றுதான். ஒரே கேள்வியைப் பல வாசல் வழியே கேட்பதால் வரும் இந்தக் கோளாறைப் பல்சோதனைப் பிழை என்று சொல்லலாம்.

போகிற போக்கில் ஒரு சங்கதி. பொய்க்கூவல் வர வாய்ப்பு 50 சதவீதத்தைத் தாண்டுவது சரியாகப் பதினான்காவது சோதனையில். பச்சையும் பதினான்காவது கட்டம். மன்ரோ கணக்குப் போட்டுத்தான் அங்கே வைத்தாரா? இதற்கு அர்த்தம் கற்பிக்கப் போனால் நாமும் பச்சை மிட்டாய்க் கதைக்குள் விழுந்துவிடுவோம். தேடினால் எதிலும் ஏதாவது பொருந்தும்.

இப்போது அந்த இருபது கட்டங்களைத் திரும்பப் பாருங்கள். பச்சையைக் கடைசிக் கட்டமாக வைத்திருந்தால் அது சாதாரணத் துணுக்காகியிருக்கும். எதிர்பார்ப்பு, பிறகு திருப்பம். பச்சைக்குப் பிறகும் ஆறு நிறங்களைச் சோதிக்க வைத்ததில்தான் மன்ரோவின் கை தெரிகிறது. விஞ்ஞானிகள் நேர்மையாக இருபதையும் முடித்தார்கள், இருபதையும் சொன்னார்கள். நாம் சலித்துக்கொண்டு கடந்த பத்தொன்பது கட்டங்களும்தான் சான்று. நாளிதழில் அந்தப் பத்தொன்பதும் காணாமல் போய்விட்டன. இதே கணக்கை யாராவது எழுதிக்காட்டினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். மன்ரோ அதைக் கண் வலிக்க வலிக்க நம்மையே செய்ய வைக்கிறார்.

தலைப்புச் செய்தியில் ஒளிந்த தவறு

அந்த நாளிதழ் பத்தொன்பதை மறைத்தது முதல் தவறு. இரண்டாவது நுணுக்கமானது, புள்ளியியல் படித்தவர்களே அடிக்கடி சறுக்குகிற இடம். தற்செயலாக இருக்க 5 சதவீத வாய்ப்புதான் என்கிறது செய்தி.

தற்செயல் மதிப்பு சொல்வது அதை அல்ல. சம்பந்தமே இல்லாவிட்டால் இப்படி ஒரு முடிவு வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு என்பதுதான் அது சொல்வது. நாளிதழ் இதைத் தலைகீழாகப் புரட்டி, இப்படி ஒரு முடிவு வந்த பிறகு சம்பந்தம் இல்லாமல் இருக்க 5 சதவீத வாய்ப்பு என்கிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல. நாம் கணக்குக்காக வைத்துக்கொண்ட உலகில் எந்த நிறத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே பச்சையின் முடிவு தற்செயலாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு நூறு. செய்தியில் வந்தது ஐந்து. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் தற்செயல் மதிப்பை எப்படிப் படிக்கக் கூடாது என்று தனி அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது என்றால், இந்தச் சறுக்கல் எவ்வளவு பரவலானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செத்த மீனும் மிதுன ராசியும்

இதெல்லாம் கார்ட்டூன் உலகம் என்று தோன்றலாம். மன்ரோ வரைவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2009-இல், கிரெய்க் பென்னட் என்ற நரம்பியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன் மீனை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார்கள். மனிதர்கள் பலவித மனநிலையில் இருக்கும் புகைப்படங்களை அதற்குக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்றும் கேட்டார்கள். மீன் பதில் சொல்லவில்லை. ஆனால் ஸ்கேனில் மீன் மூளையின் ஒரு சிறு பகுதி "வேலை செய்ததாக" ஒளிர்ந்தது.

ஸ்கேன் கருவி மூளையைப் பொடிப்பொடிக் கனசதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறது. மீனில் அப்படி 8,064 கனசதுரங்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற கறாரான கோட்டை வைத்தும் 16 கனசதுரங்கள் கூவின. 8,064 சோதனைகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்றாலே எட்டு பொய்க்கூவல் எதிர்பார்க்க வேண்டும். பல்சோதனைப் பிழைக்கான திருத்தத்தைப் போட்டதும் மீன் உடனே அமைதியாகிவிட்டது. 2012-இல் இந்தக் குழுவுக்கு இக்நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு அளிக்கும் பரிசு அது.

இன்னும் பழைய சம்பவம் ஒன்று எனக்கு இதைவிடப் பிடிக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர் காக்குமா என்று 17,187 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு, 1988-இல் லான்செட் இதழில் வந்தது. பதில் சந்தேகமில்லாமல் ஆம். ஐந்து வாரத்தில் இதயம், ரத்தக்குழாய் தொடர்பான சாவுகள் 23 சதவீதம் குறைந்தன. இதழின் தரப்பில், வயதுவாரியாக, நோய்வாரியாக என்று பிரித்துப் பிரித்தும் காட்டச் சொன்னார்கள். அப்படிப் பிரிப்பது ஆபத்து என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். சரி, பிரிக்கிறோம், கூடவே பிறந்த ராசிவாரியாகவும் பிரிப்போம் என்று ஒரு பட்டியலைச் சேர்த்தார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரினால் பலனில்லை, கொஞ்சம் கெடுதல் என்றே வந்தது. மற்றப் பத்து ராசிக்கும் நல்ல பலன். உலகின் மிகக் கண்டிப்பான மருத்துவ இதழ்களில் ஒன்றில் அச்சான நையாண்டி அது. இதற்கும் மிட்டாய் கார்ட்டூனுக்கும் எலும்புக்கூடு ஒன்றே.

மறைந்திருக்கும் வரி

மவுஸை மேலே கொண்டுபோனால் வரும் வரியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இந்தக் கார்ட்டூனில் அது இரண்டு குரல்களின் பேச்சு. விஞ்ஞானி தயங்கித் தயங்கி, பச்சை ஆய்வைத் திரும்பச் செய்தோம், தொடர்பு எதுவும் வரவில்லை, அது அநேகமாக வெறும் என்று ஆரம்பிக்கிறார். முடிப்பதற்குள் அடுத்த தலைப்புச் செய்தி அவரை இடைமறிக்கிறது: பச்சை மிட்டாய் ஆய்வுகளில் முரண்பாடு, மேலும் ஆராயப் பரிந்துரை!

என்னைக் கேட்டால் மொத்தக் கார்ட்டூனில் சிரிப்பின் உச்சம் இதுதான். ஆய்வைத் திரும்பச் செய்வது விஞ்ஞானத்தின் மிகப் பழைய பாதுகாப்பு. பொய்யான முடிவு ஒருமுறை கோட்டைத் தாண்ட இருபதில் ஒன்று வாய்ப்பு. குறிப்பிட்ட அதே நிறம் இரண்டு முறையும் தாண்ட நானூறில் ஒன்று. முறையாகத் திட்டமிட்ட சோதனை அந்த முடிவைத் தர அரிதாகவே தவறினால்தான் ஓர் உண்மை நிலைபெற்றதாகக் கொள்ளலாம் என்று, கோட்டை வரைந்த ஃபிஷரே 1926-இல் எழுதினார். விஞ்ஞானி தன் கடமையைச் செய்துவிட்டார். ஆனால் "தவறு நடந்தது, திருத்திவிட்டோம்" என்பது செய்தி ஆகாது. "விஞ்ஞானிகளுக்குள் குழப்பம்" என்றால் செய்தி. காப்பி நல்லதா கெட்டதா என்று மாறி மாறி வரும் துணுக்குகளில் பலவற்றின் பிறப்பிடம் இதுதான். 2015-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் பதினைந்தே பேரிடம் பதினெட்டு விஷயங்களை அளந்து, சாக்லேட் தின்றால் எடை சீக்கிரம் குறையும் என்று வேண்டுமென்றே ஒரு பொய்க்கூவல் ஆய்வு தயாரித்தார். ஜெர்மனியின் பெரிய நாளிதழ் உட்படப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு அச்சிட்டார்கள்.

இதற்கு வைத்தியம்

எளிய வைத்தியம் ஒன்று இத்தாலியக் கணித அறிஞர் கார்லோ பொன்ஃபெரோனியின் பெயரில் இருக்கிறது. இருபது சோதனை செய்தால் கோட்டையும் இருபதால் வகுத்துவிடு. 0.05 என்பது 0.0025 ஆகும், நானூறில் ஒன்று. பச்சை மிட்டாய் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். தொல்லை என்னவென்றால், கோட்டை இப்படி இறுக்கினால் நிஜமான சிறு விளைவுகளும் சேர்ந்து அடங்கிப்போகும்.

வலுவான வைத்தியம், எதை அளக்கப் போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பொதுவில் எழுதிவைப்பது. இருபது நிறம் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டி எழுதிவிட்டால், பிறகு பச்சையை மட்டும் காட்ட முடியாது. இந்தியாவில் மருந்துச் சோதனைகளைப் பதியும் ஏடு 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். சிடிஆர்ஐ என்று தேடினால் கிடைக்கும். காசு கொடுக்க வேண்டாம், மருத்துவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்தியாவில் சோதித்து நிரூபித்தது என்று ஏதாவது மருந்தின் விளம்பரம் அடுத்த முறை கண்ணில் பட்டால், அதன் பதிவை எடுத்து, எதை அளப்பதாக முதலில் எழுதினார்கள், விளம்பரத்தில் எதைச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.